ஒரு கணினி, பல திரைகள்: யு.எஸ்.பி. வரைகலை இணைப்பியின் வரலாறு

யு.எஸ்.பி. வரைகலை இணைப்பி என்பது, கணினியின் யு.எஸ்.பி. துளையில் செருகி, கூடுதலாக ஒரு மானிட்டரை இயக்க உதவும் சிறு கருவி ஆகும். கடைகளில் இதை 'டிஸ்ப்ளே அடாப்டர்', 'யு.எஸ்.பி. டு எச்.டி.எம்.ஐ.', 'யு.எஸ்.பி. டு வி.ஜி.ஏ.' என்ற பெயர்களில் கேட்டு வாங்குகிறார்கள். தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம், வேளச்சேரி போன்ற தென்சென்னைப் பகுதிகளில், வீட்டிலிருந்து மடிக்கணினியில் வேலை பார்ப்பவர்களிடம் இன்று இது சாதாரணமாகக் காணப்படும் பொருள்.

ஒரே ஊழியர் இரண்டு, மூன்று திரைகளை வைத்துக்கொள்ளவே இக்கருவி பெரும்பாலும் வாங்கப்படுகிறது. ஆனால் இன்று பரவலாக உள்ள வகையின் வரலாற்றைத் தேடிப் போனால், அதற்கு நேர் எதிரான ஒரு தேவையில் போய் நிற்கிறோம். ஆளுக்கொரு கணினி வாங்க வசதியில்லாத பலர், ஒரே கணினியை ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணத்தோடு சேர்ந்தே இந்த நுட்பம் வளர்ந்தது. இக்கட்டுரை அந்த இரண்டு தேவைகளின் வரலாற்றையும் சேர்த்துச் சொல்கிறது.

பலருக்கு ஒரு கணினி

கணினி வந்த காலத்தில் 'ஆளுக்கொரு கணினி' என்ற பேச்சே கிடையாது. 1973-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370/155 என்ற பெருங்கணினி நிறுவப்பட்டது. அந்தக் காலத்தில் இந்தியாவில் இருந்த பெரிய கணினிகளில் அதுவும் ஒன்று. மாணவர்களும் ஆய்வாளர்களும் தங்கள் நிரல்களை அட்டைகளில் துளையிட்டுக் கொடுத்துவிட்டு, முடிவு அச்சாகி வரும்வரை காத்திருப்பார்கள். ஓர் இயந்திரத்தை நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நின்று பயன்படுத்தினர்.

பின்னர் டெர்மினல் எனப்படும் முனையங்கள் வந்தன. ஒரு திரையும் ஒரு விசைப்பலகையும் சேர்ந்ததே முனையம். அதற்குச் சொந்த மூளை கிடையாது. கணிப்பு முழுவதும் மையக் கணினியில் நடக்கும். கணினி ஒவ்வொருவருக்கும் சிறு சிறு நேரத்துண்டுகளை ஒதுக்கும். அந்தத் துண்டுகள் மிகச் சிறியவை என்பதால், கணினி தனக்கு மட்டுமே வேலை செய்வதாக ஒவ்வொருவருக்கும் தோன்றும். இதற்கு 'நேரப் பகிர்வு' என்று பெயர்.

1981-ல் ஐ.பி.எம். பி.சி. வந்த பிறகு இந்த நிலை மாறியது. மேசைக்கு ஒரு கணினி, கணினிக்கு ஒரு திரை, திரைக்கு ஓர் ஆள் என்ற அமைப்பு வழக்கமாயிற்று.

ஒருவருக்கு இரண்டு திரைகள்

முதல் ஐ.பி.எம். பி.சி.யிலேயே இரண்டு திரைகளை இணைக்க வழி இருந்தது. எழுத்துக்கான ஒருவண்ண அட்டையும், படத்துக்கான வண்ண அட்டையும் நினைவகத்தில் வெவ்வேறு முகவரிகளைப் பயன்படுத்தின. ஆகவே இரண்டையும் ஒரே கணினியில் பொருத்தலாம். வரைபடம் வரையும் பொறியாளர்களும், நிரலில் பிழை தேடுபவர்களும் இதைப் பயன்படுத்தினர்.

1987-ல் வெளியான மேகின்டோஷ் II கணினியில், பல திரைகளை ஒரே பெரிய மேசைப்பரப்பாகப் பயன்படுத்த முடிந்தது. விண்டோஸ் 98-ல் ஒன்பது திரைகள் வரை இணைக்கும் வசதி தரப்பட்டது. இருந்தாலும் ஒவ்வொரு திரைக்கும் கணினிப் பெட்டியைத் திறந்து கிராபிக்ஸ் கார்டு பொருத்த வேண்டியிருந்தது. மடிக்கணினியில் அதற்கு இடமே இல்லை. பெட்டியைத் திறக்காமல், வெளியிலிருந்தே ஒரு திரையைச் சேர்க்க முடியுமா என்ற கேள்வி இங்கே எழுந்தது.

யு.எஸ்.பி.யும் ஒரு சிறு கணக்கும்

யு.எஸ்.பி.யின் முதல் பதிப்பு 1996-ல் வெளியானது. இன்டெல் நிறுவனத்தில் அதை உருவாக்கிய குழுவில் முதன்மையானவர், குஜராத்தைச் சேர்ந்த அஜய் பட். விசைப்பலகை, மவுஸ், அச்சுப்பொறி ஆகியவற்றுக்குத் தனித்தனித் துளைகள் இருந்ததை மாற்றி, எல்லாவற்றுக்கும் ஒரே துளை என்பதே நோக்கம். அதன் உச்ச வேகம் நொடிக்கு 1.2 கோடி பிட். 2000-ல் வந்த யு.எஸ்.பி. 2.0-ன் வேகம் நொடிக்கு 48 கோடி பிட்.

இந்த வேகம் ஒரு மானிட்டருக்குப் போதுமா? மாணவர்கள் தாங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். அக்காலத்தில் வழக்கமாக இருந்த திரையில் குறுக்கே 1,024 புள்ளிகள், நெடுக்கே 768 புள்ளிகள். இரண்டையும் பெருக்கினால் 7,86,432 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 24 பிட் தேவை. திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. மூன்றையும் பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 113 கோடி பிட் வருகிறது. யு.எஸ்.பி. 2.0 சுமக்கக்கூடியதோ 48 கோடி. இன்றைய 1,920 x 1,080 திரைக்கு இதே கணக்கைப் போட்டால் ஏறத்தாழ 299 கோடி பிட்.

எனவே படத்தை அப்படியே அனுப்ப முடியாது. இதற்கு இரண்டு வழிகள் கண்டுபிடிக்கப்பட்டன. முதலாவது, மாறிய பகுதியை மட்டும் அனுப்புவது. நாம் ஒரு கடிதம் தட்டச்சு செய்யும்போது, ஒரு விசையை அழுத்தினால் திரையில் ஓர் எழுத்தின் அளவே மாறுகிறது. மற்ற இடமெல்லாம் அப்படியே இருக்கிறது. மாறாததை மீண்டும் மீண்டும் அனுப்பத் தேவையில்லை. இரண்டாவது, அனுப்புவதைச் சுருக்கி அனுப்புவது. கணினியில் உள்ள மென்பொருள் சுருக்கும். இணைப்பியில் உள்ள சிப் அதை விரித்து, தன் சிறு நினைவகத்தில் முழுப் படத்தையும் வைத்துக்கொண்டு மானிட்டருக்குக் கொடுக்கும்.

இக்கருவியின் பலமும் பலவீனமும் இங்கேயே தெரிந்துவிடுகின்றன. எழுத்து, அட்டவணை, மின்னஞ்சல் போன்ற வேலைகளில் திரை அதிகம் மாறுவதில்லை. அவற்றுக்கு இது நன்றாகவே போதும். வேகமான விளையாட்டு, முழுத்திரைக் காணொளி ஆகியவற்றில் நொடிதோறும் எல்லாப் புள்ளிகளும் மாறும். அப்போது இணைப்பி திணறும், கணினியின் செயலிக்கும் சுமை கூடும்.

காபிக் குவளையிலிருந்து கருவி வரை

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், 1991-ல், காபிக் குவளை ஒன்றின் முன் ஒரு கேமரா வைக்கப்பட்டது. வேறு அறைகளில் இருந்த ஆய்வாளர்கள், காபி மிச்சம் இருக்கிறதா என்பதை நடந்துபோய்ப் பார்க்காமல் தங்கள் திரையிலேயே பார்த்துக்கொள்வதற்காக இந்த ஏற்பாடு. பின்னர் இணையத்திலும் இணைக்கப்பட்ட இதுவே உலகின் முதல் வெப்கேமராவாகக் கருதப்படுகிறது. அதை அமைத்தவர்களில் ஒருவர் குவென்டின் ஸ்டாஃபோர்டு-ஃபிரேசர்.

அவர் பின்னர், கேம்பிரிட்ஜில் இருந்த ஆலிவெட்டி ஆய்வகத்தில் வி.என்.சி. என்ற மென்பொருளை உருவாக்கிய குழுவிலும் இருந்தார். ஓரிடத்தில் உள்ள கணினியின் திரையை வேறோர் இடத்திலிருந்து பார்த்து இயக்க உதவுவது வி.என்.சி. அதிலும் அடிப்படை ஒன்றே: திரையில் மாறிய செவ்வகங்களை மட்டும் கம்பி வழியே அனுப்பு.

இந்த அனுபவத்திலிருந்து அவர் தொடங்கியது 'இண்டியோ' என்ற லாப நோக்கமற்ற திட்டம். சுவாஹிலி மொழியில் இச்சொல்லுக்கு 'ஆம்' என்று பொருள். அத்திட்டத்தின் வாதம் எளிமையானது. கடிதம் எழுதுபவரோ இணையப் பக்கம் படிப்பவரோ கணினியின் ஆற்றலில் மிகச் சிறு பகுதியையே பயன்படுத்துகிறார், மீதி வீணாகிறது. ஏழை நாடுகளின் பள்ளிகளுக்கும் இணைய மையங்களுக்கும் ஐந்து கணினி வாங்குவதை விட, ஒரு கணினியும் ஐந்து திரைகளும் வாங்குவது மலிவு. இதற்காக 'நிவோ' என்ற சிறு பெட்டி வடிவமைக்கப்பட்டது. அதில் மானிட்டர், விசைப்பலகை, மவுஸ் ஆகியவற்றை மாட்டி, வலையமைப்புக் கம்பி வழியாகக் கணினியோடு இணைக்கலாம். கணினியில் கட்டற்ற மென்பொருளான லினக்ஸ் ஓடியது. ஆளுக்கொரு உரிமம் வாங்க வேண்டியதில்லை என்பதால், பகிர்வு மேலும் மலிவாயிற்று.

இதற்கான சிப்பை உருவாக்க, 2003-ல் அவரும் மார்ட்டின் கிங் என்பவரும் சேர்ந்து நியூன்ஹாம் ரிசர்ச் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். அதே சுருக்கும் முறையை யு.எஸ்.பி. கம்பியில் செலுத்தினால், எந்த மடிக்கணினிக்கும் கூடுதல் திரை தரலாம் என்பது விரைவில் புலப்பட்டது. 2006-ல் நிறுவனத்தின் பெயர் டிஸ்ப்ளேலிங்க் என்று மாறியது. 2007-ல் சாம்சங் நிறுவனம் இந்தச் சிப்பை உள்ளே வைத்த மானிட்டரையே வெளியிட்டது. 2020-ல் சினாப்டிக்ஸ் நிறுவனம் டிஸ்ப்ளேலிங்கை 30.5 கோடி டாலருக்கு வாங்கியது. யு.எஸ்.பி. வழியே திரை காட்டும் முயற்சிகள் தைவான் நிறுவனங்களிலும் நடந்தன. ஆனாலும் சந்தையில் நிலைத்த பெயர் டிஸ்ப்ளேலிங்க்தான்.

சென்னையில் எழுந்த அதே கேள்வி

கேம்பிரிட்ஜில் இது நடந்த அதே ஆண்டுகளில், சென்னையிலும் இதே கேள்வி கேட்கப்பட்டது. ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா, தொழில்முனைவர் ராஜேஷ் ஜெயின், அனலாக் டிவைசஸ் நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரான ரே ஸ்டாட்டா ஆகியோர் சேர்ந்து நோவாடியம் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். ஏறத்தாழ 100 டாலருக்குள் ஒரு கணினி தருவது அவர்களின் இலக்கு. வீட்டில் இருக்கும் சிறு பெட்டியில் மென்பொருளோ சேமிப்போ பெரிதாக இருக்காது. எல்லாம் மையச் சர்வரில் இருக்கும். கேபிள் டிவி போல மாதக் கட்டணம் கட்டிப் பயன்படுத்தலாம். வைரஸ் தொல்லையும் பழுதுபார்க்கும் செலவும் வீட்டுக்காரருக்கு இல்லை.

யோசனை நல்லதே. ஆனால் அது இடையறாத, வேகமான இணைய இணைப்பை நம்பி நின்றது. அன்றைய வீட்டு இணைப்புகளின் நிலை அதற்குத் துணை செய்யவில்லை. இதற்கிடையே மடிக்கணினியின் விலையும் இறங்கிக்கொண்டே வந்தது. நோவாடியம் பெரிய அளவில் பரவவில்லை.

பகிர்வுக்கு வேண்டிய மற்றொரு பொருள் கட்டற்ற மென்பொருள். அதற்கான பணி தாம்பரத்துக்குப் பக்கத்திலேயே நடந்தது. 2005-ல் தொடங்கிய கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை, சென்னை சி-டாக் நிறுவனமும், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் சேர்ந்து நடத்தின. இந்திய மொழிகளில் இயங்கும் 'பாஸ்' என்ற லினக்ஸ் பதிப்பு 2007-ல் சி-டாக்கிலிருந்து வெளிவந்தது. தமிழில் இயங்கும் ஓர் இயங்குதளம் பள்ளிக்கு இலவசமாகக் கிடைக்கும் நிலை இதனால் உண்டாயிற்று.

வகுப்பறையில் பல இருக்கைகள்

ஒரே கணினியில் பல திரை, பல விசைப்பலகை, பல மவுஸ் மாட்டிப் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்வதை 'மல்டிசீட்', அதாவது பல்லிருக்கைக் கணினி என்பர். இது உலகில் எங்கும் சிறிய சோதனையாகவே நின்றுவிட்டது என்று எண்ண வேண்டாம்.

நம் அண்டை மாநிலமான ஆந்திரத்தில், 2008-ல், 5,000 அரசுப் பள்ளிகளில் 50,000 இருக்கைகள் அமைக்கும் திட்டத்துக்கு என்கம்ப்யூட்டிங் நிறுவனத்தின் பகிர்வுக் கருவிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. இக்கருவிகள் அட்டையும் வலைக் கம்பியும் கொண்டு இயங்கியவை, யு.எஸ்.பி.யில் இயங்கும் வகை பின்னர் வந்தது. 2009-ல் பிரேசில் நாட்டின் பள்ளிகளுக்கு, லினக்ஸில் இயங்கும் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள் அறிவிக்கப்பட்டன. 2010-ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் பள்ளிகளுக்கென்றே விண்டோஸ் மல்டிபாயின்ட் சர்வர் என்ற பதிப்பை வெளியிட்டது.

இதில் மிக எளிமையான நிலையை அடைந்தது 2012-ல் வந்த ஃபெடோரா 17 என்ற லினக்ஸ் பதிப்பு. டிஸ்ப்ளேலிங்க் 2009-லேயே தன் யு.எஸ்.பி. 2.0 சிப்களுக்கான நிரல் நூலகத்தைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டிருந்தது. அதன் பயனாக, திரை, விசைப்பலகை, மவுஸ் மூன்றையும் மாட்டக்கூடிய தகுந்த யு.எஸ்.பி. பெட்டியை ஃபெடோரா கணினியில் செருகினால் போதும். புதிய திரையில் புதிய பயனருக்கான நுழைவுப் பக்கம் தானாகவே தோன்றும். தனி அமைப்பு எதுவும் செய்ய வேண்டாம். ஒரு கணினி இரண்டு கணினியாகிவிடும்.

பகிர்வு ஏன் பின்வாங்கியது?

இவ்வளவு எளிதாகியும், பல்லிருக்கைக் கணினி நம் பள்ளிகளில் வேரூன்றவில்லை. அதற்குச் சில காரணங்கள் உண்டு.

முதலாவது, ஒரு கணினி பழுதானால் அதை நம்பிய அத்தனை பேருக்கும் வேலை நின்றுவிடும். பத்துக் கணினி உள்ள ஆய்வகத்தில் ஒன்று கெட்டால் ஒரு மாணவர் நகர்ந்து உட்காரலாம். பகிர்வு ஆய்வகத்தில் வகுப்பையே முடிக்க வேண்டியிருக்கும். இரண்டாவது, இவ்வகை ஆய்வகத்தைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் பள்ளிகளில் குறைவு. மூன்றாவது, கணினியின் விலை தொடர்ந்து குறைந்ததால் பகிர்வில் மிச்சமாகும் தொகையும் குறைந்தது.

தமிழ்நாட்டில் நான்காவது காரணமும் உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று, அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் மேல்நிலை வகுப்பு பயிலும் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. அதில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. வீட்டில் கணினியே பார்த்திராத குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை ஆசிரியர்கள் நேரில் அறிவோம். ஆளுக்கொன்று கிடைக்கும்போது பகிர்வைப் பற்றி யாரும் பேசவில்லை, அது இயல்பே.

மைக்ரோசாஃப்டும் விண்டோஸ் சர்வர் 2019 பதிப்போடு மல்டிபாயின்ட் வசதியைக் கைவிட்டது. புதிய யு.எஸ்.பி. 3.0 சிப்களுக்கு டிஸ்ப்ளேலிங்க் 2015-ல் லினக்ஸ் இயக்கியை வெளியிட்டாலும், அதன் முக்கியப் பகுதி மூடிய நிரலாக இருந்தது. ஆகவே பழைய சிப்களில் கிடைத்த, செருகியவுடன் தனி இருக்கையாகும் எளிமை புதியவற்றில் தொடரவில்லை.

வீட்டுக்குள் வந்த இரண்டாம் திரை

தாம்பரத்தில் சென்னை ஏற்றுமதி மண்டலம் 1984-ல் தொடங்கியது. தரமணியில் டைடல் பூங்கா 2000-ல் திறக்கப்பட்டது. பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும் மென்பொருள் நிறுவனங்கள் பெருகின. அங்கே வேலை செய்தவர்களில் பலர் தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், பெருங்களத்தூர் பகுதிகளில் குடியேறினர்.

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியதும் அலுவலகம் வீட்டுக்கு வந்துவிட்டது. சாப்பாட்டு மேசை வேலை மேசையானது. நிரல் ஒரு திரையிலும், சந்திப்பு மறு திரையிலும் வைத்துப் பழகியவர்களுக்கு மடிக்கணினியின் சிறு திரை போதவில்லை. மடிக்கணினியில் பெரும்பாலும் ஓர் எச்.டி.எம்.ஐ. துளையே இருக்கும், ஒரு மானிட்டருக்கு மேல் வேண்டுமானால் யு.எஸ்.பி. இணைப்பி ஒரு வழி. அதே ஆண்டு நவம்பரில் வந்த ஆப்பிள் எம்1 மடிக்கணினிகள் வெளியே ஒரு மானிட்டரை மட்டுமே ஏற்றன. இரண்டாவதற்கு அவர்களும் டிஸ்ப்ளேலிங்க் இணைப்பியையே நாடினர்.

அந்த நாள்களில் அதே வீடுகளில் இன்னொரு காட்சியும் இருந்தது. பெற்றோருக்கு அலுவலகம், பிள்ளைகளுக்கு இணைய வகுப்பு. பல குடும்பங்களில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி. ஒரு வீட்டில் ஒருவருக்கு மூன்று திரை, அடுத்த வீட்டில் மூவருக்கு ஒரு திரை. கேம்பிரிட்ஜில் எழுந்த பழைய கேள்விக்கு விடை இன்னும் முடிந்துவிடவில்லை என்பதை அந்த ஆண்டு காட்டியது.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

இன்று 'டைப்-சி டு எச்.டி.எம்.ஐ.' என்று விற்கப்படும் மலிவான கம்பிகள் எல்லாம் யு.எஸ்.பி. வரைகலை இணைப்பிகள் அல்ல. 2014-ல் வந்த 'ஆல்ட் மோடு' என்ற முறையில், கணினியின் சொந்தக் கிராபிக்ஸ் சிப்பே டைப்-சி துளை வழியாகப் படத்தை அனுப்புகிறது. அதற்குக் கணினியின் துளையில் அந்த வசதி இருக்க வேண்டும். யு.எஸ்.பி. வரைகலை இணைப்பிக்கு அது தேவையில்லை; ஆனால் இயக்கி மென்பொருள் தேவை. பெட்டியின் மேல் உள்ள விவரத்தைப் படித்து, எந்த வகை என்று உறுதி செய்துகொள்வது பணத்தை மிச்சப்படுத்தும். லினக்ஸ் பயன்படுத்துவோர், தங்கள் பதிப்புக்கு இயக்கி உண்டா என்பதை முன்பே பார்க்க வேண்டும். 1,920 x 1,080 திரைக்கு யு.எஸ்.பி. 3.0 துளையே பொருத்தமானது. நீல நிற நாக்கு உள்ள துளை பெரும்பாலும் அதுவே.

இன்றைய பொருத்தம்

அலுவலகங்கள் ஊழியர்களைத் திரும்ப அழைத்த பின், வீடுகளில் வேலையில்லாமல் நிற்கும் மானிட்டர்கள் உண்டு. மின்கழிவு மேலாண்மைக்கான புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. கழிவை முறையாக அகற்றுவது நல்லது. கழிவாகும் முன் பயன்படுத்துவது அதைவிட நல்லது. ஒரு நூலகத்திலோ, மாலை நேரப் படிப்பு மையத்திலோ, ஓரளவு நல்ல கணினி ஒன்றும், பழைய மானிட்டர்கள் இரண்டும், பழைய யு.எஸ்.பி. 2.0 இணைப்பிகளும், லினக்ஸும் இருந்தால் மூன்று மாணவர்கள் ஒரே நேரத்தில் தட்டச்சுப் பழகலாம், கலைக்களஞ்சியம் படிக்கலாம், எளிய நிரல் எழுதலாம். பாலிடெக்னிக், கல்லூரி மாணவர்களுக்கு இது ஒரு நல்ல செயல்திட்டமாகவும் அமையும்.

பழுதானால் மூவருக்கும் நிற்கும் என்ற குறை இன்றும் உண்டு. ஆனால் ஒரு திரையும் இல்லாத இடத்தில் அந்தக் குறை பெரிதல்ல. ஒருவருக்கு மேலும் ஒரு திரை தருவதும், மேலும் ஒருவருக்குத் திரை தருவதும் இதே கருவியால் இயலும். முதலாவது சந்தையில் தானாகவே நடந்துவிட்டது. இரண்டாவதை யாராவது முன்வந்து செய்தால்தான் நடக்கும்.